பாதாமா, சோயாவா, ஓட்ஸா: பால் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு எது?

கேள்வி, ஜனவரி 8

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சில நாள் வயிற்றுப்போக்கும் வருகிறது. டாக்டர் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். பாதாம் பால்தான் இருப்பதிலேயே சத்தானது என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் நான், மனைவி, நாலு வயதுப் பையன், சர்க்கரை உள்ள அப்பா. காலையில் ஃபில்டர் காபி இல்லாமல் யாருக்கும் பொழுது விடியாது. மாதம் முழுக்கப் பாதாம் பால் டப்பா வாங்கினால் கட்டுப்படியாகுமா? எது வாங்கலாம், ஒரே வரியில் சொல்லுங்கள் அக்கா.

ஜனவரி 8, இரவு

ஒரே வரி: சோயா. பாதாம் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் பாதாமையே வாங்கி ஊறவைத்துத் தின்னலாம்.

ஜனவரி 9, காலை

ஆளாளுக்குச் சண்டைக்கு வந்துவிட்டீர்கள். சரி, கணக்கோடு சொல்கிறேன்.

பசும்பாலில் 100 மில்லிக்குப் புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல். சோயாப் பாலில் ஏறக்குறைய அதே அளவு. ஓட்ஸ் பாலில் 1 கிராம் வாக்கில். பாதாம் பாலில் அரை கிராம் தேறினால் பெரிது. அரிசிப் பால் அதற்கும் கீழே.

பாதாமில் சத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சத்து டப்பாவுக்குள் அவ்வளவாகப் போகவில்லை என்கிறேன். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாதாம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். மீதி தண்ணீர், கொஞ்சம் உப்பு, கெட்டியாகக் காட்ட ஜெல்லன் மாதிரி ஏதாவது ஒரு பசை, பலவற்றில் சர்க்கரை. எடை குறைக்க நினைப்பவருக்கு, இனிப்புச் சேர்க்காத டப்பாவாக இருந்தால், இது நல்ல பானம்தான். பாலுக்குப் பதில் என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

இன்னொன்று. டீக்கடையிலும் ஸ்வீட் கடையிலும் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருக்கிற பாதாம் பால் சுண்டக் காய்ச்சிய மாட்டுப்பால். அதைக் குடித்துவிட்டு “பாதாமும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று எழுதியிருக்கும் ஈரோட்டு நண்பருக்கு வேறு பதில் இல்லை.

ஜனவரி 9, மதியம்

யோசித்துப் பார்த்தால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் பாலை முழுசாக விட வேண்டுமா என்ன?

லாக்டோஸ் என்பது பாலில் இருக்கிற சர்க்கரை, நூறு மில்லியில் சுமார் 5 கிராம். அதை உடைக்கும் லாக்டேஸ் என்கிற நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான், நோய் என்றுகூடச் சொல்ல முடியாது. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்கே உள்ள பாக்டீரியாவிடம் சிக்குகிறது. வாயு, உப்புசம், போக்கு எல்லாம் அதனால்தான். ஆனால் இது அளவைப் பொறுத்தது. ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய தம்ளர் பால் அளவுக்கு, பலருக்குத் தொந்தரவு வருவதில்லை. சின்ன டம்ளர் காபியில் இருப்பது அதில் பாதிகூட இருக்காது. தயிரில் பாக்டீரியாவே கொஞ்சம் லாக்டோஸைத் தின்றுவிடுகிறது. நெய்யில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

எனக்கே ராத்திரி ஹார்லிக்ஸ் தம்ளர்தான் வில்லன், காலைக் காபி இல்லை. நிறுத்திப் பார்த்த பிறகுதான் அது பிடிபட்டது. நீங்களும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். லாக்டேஸ் சேர்த்த லாக்டோஸ் இல்லாத பாலும் கடையில் கிடைக்கிறது. அது மாட்டுப்பால்தான், சற்று இனிக்கும். லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் ஆகிவிடுவதால் அந்த இனிப்பு.

இந்தச் சலுகை எல்லாம் லாக்டோஸ் காரர்களுக்கு மட்டும். பால் ஒவ்வாமை வேறு சமாச்சாரம், அது பாலின் புரதத்தோடு உடம்பு போடுகிற சண்டை. தடிப்பு, மூச்சிரைப்பு வருகிறவர்கள் லாக்டோஸ் இல்லாத பால், தயிர், நெய் என்று எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. டாக்டரிடம் போங்கள்.

ஜனவரி 11

காபி. எல்லோரும் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான், தெரியும்.

சோயாப் பால் டிகாஷனில் திரியும். ஊற்றின உடனே வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து மேலே மிதக்கும், பார்க்கச் சகிக்காது. கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், குடிக்கலாம். டிகாஷன் புளிப்புத்தன்மை உடையது. சோயாப் புரதம் புளிப்பும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் கட்டிதட்டிவிடும். டோஃபு என்கிற சோயா பனீர் செய்யும்போது வேண்டுமென்றே செய்கிற வேலை காபியில் வேண்டாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

என் சமையலறையில் எடுபட்டது இது. பாலைச் சூடாக்கு, கொதிக்கவிடாதே. டிகாஷனை ஆவி பறக்கப் பறக்க எடுக்காமல் கொஞ்சம் ஆறவிடு. பிறகு பாலில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆற்று. தூளும் முக்கியம். பிளாண்டேஷன் ஏ, பீபரி என்று அராபிகா வகைக் கொட்டை மட்டும் வாங்குகிறவர்களுக்குத் திரிவது அதிகம். ரொபஸ்டா வகை கலந்து நன்றாகக் கருக வறுத்த தூளில் புளிப்புக் குறைவு, அவ்வளவாகத் திரியாது. கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கடையில் ‘பாரிஸ்டா’ என்று போட்டு விற்கிற டப்பாக்களில் டைபொட்டாசியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அது புளிப்பைச் சமாளித்துக்கொள்வதால் பால் திரிவதில்லை. விலை மட்டும் கூடுதல்.

ஜனவரி 11, சற்று நேரம் கழித்து

ஆப்ப சோடா போட்டால் ஆகாதா என்று ஒருவர் கேட்கிறார். ஆகும், அதே காரியம்தான். ஆனால் விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான் போட வேண்டும். கொஞ்சம் கூடினால் காபி சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

ஜனவரி 13

ஓட்ஸ் பால் கட்சிக்காரர்கள் நான் வேண்டுமென்றே மறைக்கிறேன் என்கிறார்கள். மறைக்கவில்லை. காபியில் ருசிக்கு ஓட்ஸ் பாலை அடிக்க எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். திரிவதும் குறைவு, நுரையும் நன்றாக நிற்கும்.

ஆனால் கேள்வி கேட்ட தம்பியின் அப்பாவுக்குச் சர்க்கரை. அங்கேதான் இடிக்கிறது. ஓட்ஸ் பால் 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ரிக்கார்ட் ஓஸ்டே கண்டுபிடித்தது. ஓட்லி நிறுவனம் அதிலிருந்துதான் வந்தது. ஓட்ஸ் மாவுச்சத்தை நொதி விட்டு உடைப்பதுதான் அதன் சூட்சுமம். உடைந்தால் மால்டோஸ் வருகிறது, அது சர்க்கரை. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது உண்மைதான், யாரும் சேர்க்கவில்லை, உள்ளேயே உண்டாகிவிட்டது. பின்பக்கத்தில் மொத்தச் சர்க்கரை என்கிற வரியைப் படியுங்கள். பலவற்றில் 100 மில்லிக்கு 3, 4 கிராம் இருக்கும். பசும்பாலிலும் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறதே என்பீர்கள். மால்டோஸ் அதைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், உடன்வரும் புரதமும் குறைவு. என் அப்பாவுக்கு இனிப்பில்லாத சோயாதான். “பச்சைப் பயறு வாசனை அடிக்குது” என்று தினமும் சொல்கிறார், தினமும் குடிக்கிறார்.

வீட்டில் மிக்ஸியில் ஓட்ஸ் அடித்து வடிகட்டலாமே என்பவர்களுக்கு: தாராளமாக, குளிர்ச்சியாகக் குடிக்க. அதில் நொதி இல்லை, மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. அடுப்பில் வைத்தீர்களானால் கஞ்சி.

ஜனவரி 17

பொங்கலுக்கு நாகர்கோவில் போய்விட்டதால் பதில் எழுதவில்லை. அங்கே அத்தையிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். “தேங்கா இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு மோளே?” என்றார்.

பதில் சொல்ல முடியாத கேள்வி. பாயசத்துக்கும் ஆப்பத்துக்கும் சொதிக்கும் வேறு எந்தப் பாலும் தேங்காய்ப் பால் பக்கத்தில் வர முடியாது. அத்தையின் சட்டம் இது: அரிசியோ பருப்போ மூன்றாம் பாலில் வேகட்டும், இரண்டாம் பாலை நடுவில் ஊற்று, முதல் பாலை அடுப்பை அணைக்கிற நேரத்தில் விட்டு ஒரு கிண்டு கிண்டி இறக்கு. முதல் பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். இலங்கைத் தமிழர் வீட்டுச் சொதியிலும் இதே எச்சரிக்கைதான். டப்பாவில் வருகிற தேங்காய்ப் பால் அவ்வளவு சீக்கிரம் பிரியாது, நிலைப்படுத்தி போட்டிருப்பார்கள். பாயசத்துக்கு அதை ஊற்றலாமா என்று அத்தையிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

தினமும் தம்ளரில் குடிக்க மட்டும் தேங்காய்ப் பாலைச் சொல்ல மாட்டேன். புரதம் சொற்பம். கொழுப்பில் பெரும்பங்கு நிறைகொழுப்பு. கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிற வீட்டில் பண்டிகைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காபியில் விட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதுவும் நாகர்கோவிலில் ஒருவருக்குப் பிடிக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன், இந்தக் கேள்வி பதில் இழையைப் படிக்கிறார்.

ஜனவரி 19

பையனைப் பற்றி யாருமே பேசவில்லை. நாலு வயது. அவனுக்கு லாக்டோஸ் தொந்தரவு இருக்கிறதா? அப்பாவுக்கு இருக்கிறது என்பதற்காகப் பையனுக்கும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அவனுக்கு ஒத்துக்கொண்டால் அவன் பாட்டுக்குப் பால் குடிக்கட்டும்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சோயா, அதுவும் கால்சியமும் வைட்டமின் பி12ம் சேர்த்த டப்பா. பாதாம், தேங்காய், அரிசி மூன்றும் வளர்கிற பிள்ளைக்குப் பாலின் இடத்தைப் பிடிக்காது. அரிசிப் பாலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஆர்சனிக் என்கிற நஞ்சை இழுத்துக்கொள்ளும் பயிர். பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பால் கொடுக்காதீர்கள் என்று அரசே சொல்கிறது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இந்த இழையில் உள்ள எந்தப் பாலும் கிடையாது. தாய்ப்பால், இல்லையென்றால் டாக்டர் சொல்கிற பால்மாவு. சோயாவில் செய்த குழந்தைப் பால்மாவும் சோயாப் பாலும் ஒன்றல்ல.

கால்சியம்: பசும்பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் வாக்கில். வீட்டில் அரைத்த சோயாப் பாலில் 25 வந்தால் அதிகம். டப்பாப் பாலில் தனியாகச் சேர்க்கிறார்கள், அது அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் சத்தெல்லாம் காலி டப்பாவோடு குப்பைக்குப் போகும். வீட்டிலேயே அரைக்கிறவர்கள் கேழ்வரகை மறக்க வேண்டாம், 100 கிராமில் 350 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து பாலெடுத்துக் கூழ் காய்ச்சுவது அம்மாக்கள் காலத்துப் பழக்கம். தாவரப் பால் என்று இப்போது புதிதாகப் பேசுகிறோம், கேழ்வரகுப் பால் யார் கண்ணிலும் படவில்லை.

பி12 மட்டும் எந்தத் தாவரத்திலிருந்தும் வராது. மாட்டுப்பாலை முழுசாக விட்ட சைவக்காரர்கள் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

தனிச்செய்தியில் வந்து கேட்டவர்களுக்கு, பெயரில்லாமல்.

சோயா குடித்தால் ஆண்களுக்கு மார்பு வளருமா? சாதாரணமாகக் குடிக்கிற அளவில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனை அது மாற்றுவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் சொல்லிவிட்டார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். பயப்படாமல் குடியுங்கள் அண்ணா.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும். சோயா அந்த மாத்திரையை உடம்பு முழுசாக இழுக்கவிடாது. காபியும் கால்சிய மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். எனக்கும் தைராய்டு உண்டு. மாத்திரை வெறும் வயிற்றில், காபி அப்புறம் நேரம் விட்டு, சோயா சாயங்காலம். உங்கள் இடைவெளியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஜனவரி 22

வீட்டில் சோயாப் பால் எடுக்கும் முறை கேட்டிருந்தீர்கள். முதலில் கடையில் சரியாகக் கேளுங்கள். சோயா என்றதும் அண்ணாச்சி மீல்மேக்கரை எடுத்து நீட்டுவார். அது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சிய மாவு, அதில் பால் வராது. மஞ்சளாக உருண்டையாக இருக்கிற முழு சோயா பீன்ஸ் வேண்டும்.

ராத்திரி ஊறவை. காலையில் பிசைந்து தோலைக் கழுவித் தள்ளு. அரைக்கும்போது பச்சைத் தண்ணீர் விடாதே, கொதிக்கிற தண்ணீர் விடு. என் அப்பா சொல்கிற அந்தப் பச்சைப் பயறு வாசனை பயறுக்குள் முதலிலேயே இருப்பதில்லை. அரைபட்டதும் லிப்பாக்சிஜனேஸ் என்கிற நொதி எண்ணெயோடு சேர்ந்து அதை உண்டாக்குகிறது. வெந்நீர் அந்த நொதியை அப்போதே முடக்கிவிடும். 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். மிக்ஸி ஜாரில் சூடாக விடும்போது மூடியைத் துணி போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி ஜாருக்கு மேல் வேண்டாம்.

வடிகட்டி அடுப்பில் வைத்தால் சீக்கிரமே பொங்கி வரும். கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். சோயாவில் உள்ள சபோனின் 80 டிகிரி வாக்கிலேயே நுரைத்துவிடும், அது பொய்க் கொதிப்பு. தீயைத் தணித்து, கிண்டிக்கொண்டே, அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருள் இருக்கிறது, அது வெந்தால்தான் அடங்கும். பால் வயிற்றைக் கெடுக்கிறது என்று சோயாவுக்கு வந்து, அரைவேக்காட்டுச் சோயாவில் வயிறு கெட்டால் யாரை நோவது?

சக்கையை அடை மாவில் போடுங்கள். நன்றாக வேக வேண்டும், அதுவும் பச்சையாக ஆகாது.

ஜனவரி 25

சுற்றுச்சூழல் பற்றி நீளமாக எழுதிய நண்பருக்கு. நீங்கள் சொன்ன எண்கள் 2018ல் ஆக்ஸ்ஃபோர்டின் பூரும் சுவிட்சர்லாந்தின் நெமெசெக்கும் வெளியிட்ட ஆய்விலிருந்து. ஒரு லிட்டர் மாட்டுப்பாலுக்கு 628 லிட்டர் தண்ணீர், பாதாமுக்கு 371, அரிசிக்கு 270, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. கரியமில வாயு மாட்டுப்பாலுக்கு 3 கிலோவுக்கு மேல், மற்றவை எல்லாம் ஒரு கிலோ வாக்கில். உலகத்துப் பாதாமில் ஐந்தில் நாலு பங்கு விளைவது தண்ணீருக்குத் தவிக்கிற கலிஃபோர்னியாவில்.

சரி. ஆனால் இதெல்லாம் லிட்டர் கணக்கு. ஒரு லிட்டர் சோயாப் பாலில் உள்ள புரதத்துக்கு ஆறு லிட்டருக்கு மேல் பாதாம் பால் வேண்டும். அப்படிப் பெருக்கிப் பார்த்தால் தண்ணீர்க் கணக்கில் பாதாம் மாட்டையே தாண்டிவிடும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், பாதாம் கட்சியினர் என் வீட்டு முகவரி தேடுவார்கள்.

ஜனவரி 28

தயிர். தயிர்சாதம் இல்லாமல் எப்படி என்பதுதான் மிச்சமிருக்கும் அழுகை. லாக்டோஸ் பிரச்சினை மட்டும் என்றால் தயிரை விடாதீர்கள், மேலே எழுதியிருக்கிறேன். மாட்டுப்பாலே வேண்டாம் என்பவர்களுக்கு என் தேர்வு வேர்க்கடலை, இங்கே சோயாகூட இரண்டாவதுதான். பச்சைக் கடலையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, பாலைக் கொதிக்கவைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து உறை விடுவது. கெட்டியாக உறையும். தாளித்துக் கொட்டினால் கடலை மணம் பாதி அடங்கிவிடும். வெறும் மோராகக் குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

கடலையைப் பார்த்து வாங்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது ஒன்றுகூட வேண்டாம். அதில் வருகிற அஃப்லாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு கொதித்தாலும் போகாது.

கடலைப் பால் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. பால் தட்டுப்பாட்டுக் காலத்தில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கடலைப் புரதத்தைப் பாலோடு கலந்து ‘மில்டோன்’ என்று ஒன்றைச் செய்தது. காந்தி 1912ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டவர். பிறகு இந்தியாவில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கஸ்தூரிபாவின் யோசனையில் ஆட்டுப்பாலுக்கு இறங்கி வந்தார். அப்புறமும் பாலுக்கு ஈடான தாவர உணவு யாருக்காவது அனுபவத்தில் தெரிந்தால் சொல்லுங்கள் என்று எழுதிக் கேட்டார். இந்த இழையை அவருக்கு அனுப்ப முடிந்திருந்தால் பாதாமா ஓட்ஸா என்று நீங்கள் போடுகிற சண்டையைப் பார்த்து ஆட்டிடமே திரும்பியிருப்பார்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்ட தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இப்போது அவருக்கு லாக்டோஸ் இல்லாத பாலில் காபி, அப்பாவுக்குச் சோயா, பையனுக்குப் பழைய பாக்கெட் பாலே. மனைவி மட்டும் ஓட்ஸ் டப்பா வாங்குகிறார், ருசிக்காக. ஒரு வீட்டில் மூன்று நாலு பாலா என்று கேட்கிறார். ஒரு வீட்டில் மூன்று நாலு தலைவலி மாத்திரை இல்லையா?

பிப்ரவரி 3

கடலைப் பாலுக்கு உறைமோர் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு. மாட்டுத்தயிர் வேண்டாம் என்றால் மிளகாய்க் காம்பு போதும். பச்சை மிளகாய் என்றாலும் காய்ந்த மிளகாய் என்றாலும் சரி, காம்பைப் பறித்துக் கழுவி ஏழெட்டு வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடிவை. காம்பில் இருக்கிற பாக்டீரியா வேலையைப் பார்த்துக்கொள்ளும். சென்னை வெயிலில் ஒரு ராத்திரி, ஊட்டியில் இருந்தால் பொறுமை. முதல் உறை நீர்த்துத்தான் இருக்கும், அதைச் சாப்பிடாமல் அடுத்த பாலுக்கு உறையாக வையுங்கள். நிறம் மாறினாலோ நாற்றம் அடித்தாலோ கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். காம்பை எடுக்க மறக்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒருவர் மென்றுவிட்டார்.